இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மாதங்கள்

எங்கள் கடற்கரையில் சொந்தப் பெயரில் வள்ளம் வாங்கின முதல் பொம்பளை நான்தான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்றவர்கள் சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மீன் கூடைக்குப் போய்விட்டது. இதையும் என் கையால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும், அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தோணியில் கொச்சிக்குச் சரக்கு ஏற்றிப் போனவர், காய்ச்சலோடு திரும்பி வந்து ஒன்பதாம் நாள் கண்ணை மூடினார். மகனுக்கு அப்போது நாலு வயது. மறு மாதமே கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டேன். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பஸ் போகாத இடமெல்லாம் என் கால் போயிருக்கிறது. மிளகாய் காய்கிற களத்தில் நின்று நான் ஒரு சத்தம் கொடுத்தால் மூன்று தெரு தள்ளி உலை வைப்பார்கள். அப்படி அலைந்துதான் கருவாடு காயப் போடச் சொந்தமாக ஒரு களம், அப்புறம் இந்த வள்ளம். மகன் தலையெடுத்ததும் அவனையே கடலுக்கு ஓட்டிப் போக விட்டேன். ஊர் என்னைச் சம்மாட்டியம்மா என்று கூப்பிட்டது. வள்ளம் வைத்திருக்கிற ஆம்பளையைத்தான் எங்கள் பக்கம் சம்மாட்டி என்பார்கள். அந்தப் பெயரைச் சேலை கட்டினவள் வாங்கினது நான் ஒருத்திதான்.

ஆனால் என் வள்ளத்தை நான் தொட முடியாது.

கடல் தினமும் பாசியையும் கிளிஞ்சலையும் ஒதுக்கிப் போடுகிற ஒரு வரி மணலில் இருக்கும். மாத விலக்கு உள்ள பொம்பளைகள் அந்த வரிக்கு மேலே நிற்க வேண்டும். விலக்கு நின்றுபோனவர்கள் மட்டும் கீழே இறங்கி வள்ளத்துக்குப் பக்கத்தில் போகலாம், பலகையில் கை வைக்கலாம், ஏலத்தில் வாய் திறக்கலாம். ஒவ்வொருத்தியையும் இன்றைக்கு உனக்கு எத்தனையாம் நாள் என்று தினமும் கேட்க முடியாது அல்லவா, அதனால் மொத்தமாக எல்லோரையும் மேலே நிறுத்தி வைத்திருந்தார்கள். தீட்டு பட்டால் வலை வெறுமையாக வரும், ஆளுக்கு அடிபடும் என்பது பேச்சு. மாதா கோயிலில் சாமியார் இதைச் சொன்னதில்லை. சொல்லாத விதிக்குத்தான் எங்கள் கரையில் பலம் அதிகம்.

நான் மேலே நின்று கத்துவேன். கீழே ஏலம் கூறுகிற கிழவி ஒருத்தி இருந்தாள், வெற்றிலைச் சாறு காயாத வாய். அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்: "சம்மாட்டியம்மா, அங்கனயே நில்லும். உம்ம சத்தம் இங்கன வரைக்கும் நல்லாத்தான் வருது." எல்லோரும் சிரிப்பார்கள். என் மீனை என் கண் முன்னால் அவள் விலை சொல்லிக் கொடுப்பாள்.

வீட்டில் என்னோடு இருந்தது என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் புருஷன் பம்பாயில் கப்பல் ஏறுகிறவர். வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றரை மாதம் வந்து போவார். பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே பேச்சு வளர்ந்ததால் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கருவாட்டுக் களத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் பத்துப் பேச்சுப் பேசினால் அவள் ஒன்று பேசுவாள். ஆனால் உப்பு எவ்வளவு என்று அவள் கைக்குத் தெரிந்த மாதிரி எனக்கே தெரியாது. மாதம் பிறந்தால் ஆறாம் தேதி, ஏழாம் தேதி, சமையல் பண்ணுகிற குசினிக்குப் பின்னால் உள்ள கொடியில் அவளுடைய துணிகள் காயும். நாள் தப்பாது. "ஏளா, கோயில் மணிகூட முன்னப் பின்ன அடிக்கும், உனக்கு அடிக்காது" என்று நான் கேலி பண்ணுவேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

எனக்கு நாற்பத்தைந்து வயதில் நின்றது. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றின லாரிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு மாதம் வரவில்லை, இரண்டு மாதம் வரவில்லை. நான் விதவை, வேறு காரணம் எதுவும் இருக்க வழியில்லை. ஏழு மாதம் விரலை மடக்கி எண்ணினேன். எட்டாம் மாதம் பிறந்த அன்று காலையில் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, பாசி வரியைத் தாண்டி இறங்கினேன்.

"ஏளா, எங்க வார?" என்றாள் ஏலக்காரக் கிழவி.

"என் வள்ளத்துக்கு வாரேன்."

"கோட்டைத் தாண்டிட்ட."

"தாண்டத்தான் வந்தேன் பெரியம்மா. எனக்கு நின்னுபோச்சு. ஏழு மாசமாச்சு. யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்பமே கேட்டுக்கிடுங்க."

வலை தட்டிக்கொண்டிருந்த ஆம்பளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். என் மகன் சுருட்டிக்கொண்டிருந்த பாய்மரத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"இதைப் போயி தண்டோரா போடுதா பாரு" என்றாள் கிழவி. "நாங்கல்லாம் சத்தங்காட்டாம இறங்கி வந்தோம்."

"சத்தங்காட்டாம வந்தா சத்தங்காட்டாமதான் நிக்கணும். எனக்கு ஏலம் கூறணும்."

கிழவி எச்சிலைத் துப்பிவிட்டு எனக்கு இடம் விட்டாள். நான் போய் வள்ளத்தின் அணியத்தில், அந்த முன்மூக்கில், உள்ளங்கையை வைத்தேன். சுறா எண்ணெய் பூசின பலகை, வெயிலில் வெதுவெதுவென்று இருந்தது. மூன்று வருஷமாக என்னுடையதாக இருந்த வள்ளம் அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. அந்த வாரமே என் சீலா மீன்களுக்கு நானே விலை கூறினேன். அந்தக் கரையில் அதற்கு முன்னால் அந்த விலை கேட்டதில்லை என்று இன்றும் சொல்வேன்.

உடம்பு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. நின்றால் நிம்மதி என்று நினைத்திருந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்து வழியாகக் காது மடல் வரை ஏறும். சேலை நனைந்து முதுகோடு ஒட்டும். இரண்டு நிமிஷத்தில் அது இறங்கினதும் குளிரும். உப்பளக் காற்று என்று நினைத்தேன், பிறகு மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று என்று நினைத்தேன். வாடைக் காலத்திலும் வந்தது. நெஞ்சு சும்மா இருக்கும்போதே படபடக்கும். காயப் போட்ட சாளை மீனைத் திருப்பிப் போட நேரமாகிவிட்டது என்று ஒரு கூலிக்காரியின் கூடையைப் பிடுங்கி எறிந்தேன். அதே அன்று குசினியில் ஒரு சின்னக் கோப்பை உடைந்ததற்கு உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. என் நாத்தனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஈரத்துணியை நனைத்து என் பிடரியில் வைத்தாள். அந்தச் சூட்டுக்கு அதுதான் மருந்து என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பத்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை. வள்ளம் கரை தொட்டு, நான் பக்கத்தில் நின்று ஊளி மீனை எண்ணிக்கொண்டிருந்தேன். தொடை வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது. குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முப்பது வருஷப் பழக்கம். சுற்றிலும் ஆம்பளைகள், பின்னால் கிழவி, மேலே வரிக்கு அந்தப் பக்கம் நாற்பது கண்கள். என் கை வள்ளத்தின் மேல் இருந்தது.

நான் கடலுக்குள் நடந்தேன். முழங்கால், தொடை, இடுப்பு. அலை வந்து வயிற்றில் அடித்தது. அடுத்த வள்ளம் வருகிறதைப் பார்க்கப் போகிறவள் மாதிரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "சம்மாட்டியம்மாவைப் பாரு, வள்ளத்தை எதிர்கொண்டு போறா" என்று யாரோ சொன்னார்கள். வெயில் ஏறி, கூட்டம் கலையும் வரை அங்கேயே நின்றேன். பிறகு நனைந்த சேலையோடு வீட்டுக்குப் போனேன். எல்லாம் நனைந்திருந்தால் எது நனைத்தது என்று யாருக்குத் தெரியும்.

அன்று மேலே ஏறி நின்றிருக்கலாம். அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் சிரித்து ஓய்ந்திருப்பார்கள். தண்டோரா போட்டு இறங்கினவளுக்கு வாயை மூடி ஏறத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் தொழில் பார்த்தேன். வந்தால் பத்து நாள், பதினைந்து நாள் நிற்காது. நின்றால் மூன்றாம் வாரம் மறுபடி வரும். ஈரல் துண்டு மாதிரிக் கட்டி கட்டியாகப் போகும். தண்ணீரில் நிற்கிற சம்மாட்டியம்மா என்று எனக்குப் பேரே வந்துவிட்டது. பெருமையாகத்தான் சொன்னார்கள். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தொடை இரண்டும் புண்ணாகிக் கிடந்தது.

துணியை ஒளித்து வைத்திருந்த இடத்தை என் நாத்தனார் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"மைனி, இது என்னது?"

"உனக்குக் கண்ணு இல்லையா?"

"எத்தனை நாளாச்சு?"

"பதினொண்ணு."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம் மைனி. இது சரியில்ல."

"இங்கன உள்ள ஆஸ்பத்திரியில ஆயா யாரு? நம்ம தெருக்காரி. நான் படி ஏறி இறங்குறதுக்குள்ள கடக்கரைக்குச் சேதி போயிரும். நீ உன் சோலியைப் பாரு."

அவள் அந்தத் துணிகளை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னுடையதையும் அவளே துவைத்துத் தன் துணியோடு கொடியில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன, இந்த மாசம் கொடி நிறைஞ்சு கெடக்கு?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "எனக்குத்தான், உடம்பு சூடு" என்றாள் என் நாத்தனார். குசினிக்குள் இருந்த எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

நாலாம் மாதத்தில் அது நடந்தது. அன்று மகன் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டான். வள்ளம் புறப்படுகிற நேரம். என் நாத்தனார் தூக்குச்சட்டியோடு ஓடி வந்தாள். வரியைத் தாண்டி இறங்கி, ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவனிடம் நீட்டினாள். கிழவி பார்த்தாள். அதே வள்ளத்தில் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நானும் கை வைத்திருந்தேன். அன்று எனக்கு ஆறாம் நாள்.

கடலில் நங்கூரத்தை ஏற்றும்போது கயிறு அறுந்தது. அறுந்த வேகத்தில் சுருக்கு விழுந்து, இழுத்துக்கொண்டிருந்த ஆளின் கையைச் சுற்றி இறுக்கிவிட்டது. என் வள்ளத்தில் மூன்று வருஷமாகக் கடலுக்குப் போகிறவன். கரைக்குக் கொண்டுவந்தபோது வலது கைப் பெருவிரல் இல்லை. அவன் கத்தவில்லை. கையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "ஏதோ போச்சு" என்றான்.

மறுநாள் காலையில் கிழவி என் வீட்டு வாசலுக்கே வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"கொடியில துணி கெடக்கு" என்றாள், கொடியைக் கையால் காட்டி. "நேத்து இவ வள்ளத்துல கை வச்சா. நான் என் கண்ணால பாத்தேன். அந்தப் புள்ளைக்கு விரல் போயிருக்கு. கேளுங்க இவகிட்ட. இந்தத் துணி யாருக்குள்ளது?"

என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"எனக்குள்ளதுதான்" என்றாள்.

"தீட்டோட வந்தியா?"

"அவசரத்துல வந்துட்டேன்."

இனிமேல் அவள் கடற்கரைப் பக்கமே காலை வைக்கக் கூடாது, கருவாட்டுக் களத்துக்கும் வரக் கூடாது என்று சொன்னார்கள். ஒருத்தி சாபமிட்டுக் கை நெட்டி முறித்தாள். இன்னொருத்தி, "பெத்திருந்தாத்தானே புள்ளையோட அருமை தெரியும்" என்றாள். ஊரிலேயே பெரிய வாய் எனக்குத்தான். அது அன்று திறக்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதிரம் போய்க்கொண்டே இருந்தது.

பத்து நாள் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். களத்தில் உப்பு தப்பி இரண்டு பாத்தி மீன் கெட்டது. நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சோறு போட்டுக் கையில் தருவாள், நான் வாங்கிக்கொள்வேன். பதினோராம் நாள் களத்து வாசலில் எனக்குக் கண் இருட்டியது. விழுந்ததில் நெற்றியில் காயம். என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் போனதும் அவள் பேசினாள்.

"முகம் வெள்ளைத் துணி மாதிரி இருக்கு. நாசரேத்துல ஒரு டாக்டரம்மா வீட்டுலயே வச்சுப் பாக்காங்களாம். அங்கன நம்மள யாருக்கும் தெரியாது, அவங்க வேற சபை. நீங்க வரலன்னா நான் வாசல்ல நின்னு கத்துவேன் மைனி." அவள் கத்தி நான் கேட்டதில்லை. அதனால் பயந்து பஸ் ஏறினேன்.

அந்த டாக்டரம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடி, மேசை மேல் ஒரு பனை விசிறி. என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார், திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தரிடம் சொல்வதற்கு இத்தனை நாள் காத்திருந்தவள் மாதிரி, கடற்கரையில் சொன்னது, தண்ணீரில் நின்றது, எல்லாம்.

"ஏழு மாசம் வரலைன்னதும் நின்னுட்டுன்னு யார் சொன்னா?"

"நான்தான்."

"ஒரு வருஷம் முழுசா, ஒரு சொட்டுகூட வராம இருந்தாத்தான் நின்னுபோச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னால இப்படித்தான் போகும், வரும். சூடு ஏறும், தூக்கம் வராது, கோவம் வரும். அது நோய் இல்லை. ஆனா இந்த அளவு உதிரம் போறது சரியில்லை. உடம்புல ரத்தமே இல்லாம நடந்துகிட்டு இருக்கீங்க. உள்ள சுத்தம் பண்ணி, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பணும். கெட்டது ஏதாவது இருக்கான்னு பாக்கணும்." பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சிவந்து, விசிறியை எடுத்துக் கழுத்துக்கு வீசிக்கொண்டார். "பாத்தீங்களா, எனக்கும்தான்" என்றார்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "டாக்டர், என் தீட்டு வள்ளத்துல பட்டதாலதான் அந்த ஆளுக்கு விரல் போச்சா?"

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எப்படிப் போச்சு?"

"கயிறு அறுந்து."

"கயிறு பழசா?"

அந்த ஆள் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தான். "சம்மாட்டியம்மா, நங்கூரக் கயிறு நைஞ்சுபோச்சு, இந்த மாசமாவது மாத்துங்க." இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று சொன்னது நான். கயிறு பற்றி எனக்குத் தெரியாததா என்று அவனை வாயடைத்தது நான். தீட்டு என்று ஊர் சொன்னபோது என் மனசுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் சுகமாக இருந்தது. அது எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது. தீட்டைச் சொன்னவர்கள் யாரும் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

"பழசுதான்" என்றேன்.

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே பெஞ்சில் இருந்த என் நாத்தனாரைப் பார்த்தார். "உங்களுக்கும் நாப்பது, நாப்பத்தொண்ணு இருக்குமே. மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் மணி மாதிரி என்று நானே சொல்ல வாயெடுத்தேன்.

"மூணு வருஷமாச்சு டாக்டர்" என்றாள். "நின்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டுலயா? சிலருக்குச் சீக்கிரமே நின்னுடும். யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல."

பஸ்ஸில் வரும்போது ஆற்றுப் பாலம் தாண்டியதும் நான் கேட்டேன். "மாசா மாசம் கொடியில போடுதியே, அது என்னது?"

"வெறும் துணி. நனைச்சுப் போடுவேன்."

"எதுக்கு?"

"அவுக அம்மா ஆள் விட்டுப் பாக்காங்க மைனி. பக்கத்து வீட்டுக்காரி அவுக ஊருக்காரிதானே. எனக்கு இனிமே புள்ளை கிடையாதுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை கப்பல் வரும்போது வேற பொண்ணைக் காட்டிருவாங்க. வரும்னு நெனச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் நான் அவுகளுக்குப் பெண்டாட்டி." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சூடு எனக்கு முன்னாலயே வந்து போயிட்டு. அதான் ஈரத்துணி வச்சேன்" என்றாள்.

எங்கள் இரண்டு பேரில் என் வள்ளத்தைத் தொட உரிமை உள்ளவள் அன்று அவள்தான். தீட்டு என்று விரட்டினது அவளைத்தான்.

"நாளைக்கே கடக்கரையில சொல்லிருதேன்" என்றேன். "உனக்கு எப்பவோ நின்னுட்டுன்னு சொல்லிருதேன். அவளுவ வாயை மூடணும்."

அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "அதை மட்டும் சொல்லாதீங்க மைனி. களத்துக்கு வராம இருந்துக்கிடுதேன். அது போதும்."

மறு வாரம் எனக்குச் சுத்தம் பண்ணினார்கள். சோதனைச் சீட்டு வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் உள்ளே கெட்டது இருந்து செத்துப்போனால் இவள் மேல் உள்ள பழி அப்படியே நின்றுவிடும் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்தது. ஊசியும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஊரில் எல்லோரிடமும் நெற்றிக் காயத்துக்கு வைத்தியம் என்று சொல்லியிருந்தோம்.

நடக்கத் தெம்பு வந்ததும் ஒரு காலையில், கூட்டம் நிறைய இருக்கிற நேரம் பார்த்துக் கடற்கரைக்குப் போனேன். வரிக்கு மேலேயே நின்றேன்.

"என்ன சம்மாட்டியம்மா, தண்ணிக்கு வரலையா?" என்று கிழவி கேட்டாள்.

"வரல. எனக்கு நிக்கல. டாக்டர் சொல்லிட்டா, ஒரு வருஷம் முழுசா ஆவணுமாம். நான் அவசரப்பட்டுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் வராது.

"அந்தப் புள்ளைக்கு விரல் போன அன்னைக்குத் தீட்டா இருந்தது நான். கொடியில கெடந்தது என் துணி. எங்க நாத்தனாருக்கு அன்னைக்கு ஒண்ணுமில்ல. என்னைக் காப்பாத்தத்தான் தன்னதுன்னு சொன்னா."

கிழவியின் வாயில் வெற்றிலை அசையவில்லை. விரல் போன ஆள் அங்கேதான் இருந்தான், கட்டுப் போட்ட கையோடு வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னொண்ணு" என்றேன். இதுதான் வர மாட்டேன் என்றது. "விரலை எடுத்தது தீட்டு இல்ல. கயிறு. நைஞ்சுபோச்சுன்னு இவன் ரெண்டு தடவை சொன்னான். நான்தான் மாத்தல."

தீட்டை உடனே நம்பினார்கள். கயிற்றை யாரும் நம்பவில்லை. "பாவம், ரத்தம் போய் மண்டை கலங்கிட்டு" என்று ஒருத்தி சொன்னாள். அன்று மாலையே என் வள்ளத்தில் போகிற இரண்டு பேர் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். மகன் என்னோடு எட்டு நாள் பேசவில்லை. சாமியாரை அழைத்து வள்ளத்தில் தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஆள் சேர்ந்தது. விரல் போனவன் மட்டும் அன்று எழுந்து வரியைத் தாண்டி மேலே வந்தான்.

"கயிறுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கேப்பீங்களா?"

அவனுக்குப் புதுக் கயிறு வாங்கிக் காட்டினேன். களத்தில் காவல் வேலை கொடுத்தேன், சாகும் வரை வைத்துக்கொண்டேன். அதையெல்லாம் பெரிதாகச் சொல்ல வரவில்லை. பெருவிரல் இல்லாமல் அவன் பீடி பற்ற வைக்கிறதை நான் இருபது வருஷம் பார்த்திருக்கிறேன்.

என் நாத்தனார் மறுபடி களத்துக்கு வந்தாள். நெட்டி முறித்தவள் ஒரு நாள் கருவாடு வாங்குகிற சாக்கில் வந்து பேசினாள். அவ்வளவுதான் மன்னிப்பு. எனக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போய் வந்துகொண்டுதான் இருந்தது; மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. ஒரு தடவை பதினோரு மாதம் வரை வந்து தவறியது. அந்த நாளெல்லாம் வரிக்கு மேலே நின்று, விரல் போனவன் மூலமாக ஏலம் கூறினேன். பன்னிரண்டு மாதம் முழுசாக முடிந்த அன்று யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனேன். கிழவி என்னைப் பார்த்தாள், ஒதுங்கி இடம் விட்டாள்.

என் நாத்தனார் இறங்கவில்லை. என் துணி நின்ற பிறகும் மாதம் ஆறாம் தேதி, ஏழாம் தேதி, கொடியில் நாலு துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது. அவள் புருஷன் வருஷா வருஷம் வந்தார், போனார், வேறு கல்யாணம் பண்ணவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்டதில்லை. நான் ஊரில் எல்லாப் பேச்சும் பேசினேன், இந்த ஒன்றை யாரிடமும் பேசவில்லை. அவளும் அவரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுதுகிறேன்.

சில காலை நேரங்களில் வள்ளம் கரை தொடும்போது அவள் வரியின் விளிம்பில் வந்து நிற்பாள். கால் விரல் பாசியைத் தொடும், அதைத் தாண்டாது. நான் கீழே என் வள்ளத்தில் கை வைத்துக்கொண்டு விலை கூறுவேன். குரல் முன்னைப் போல எழும்பாது.

"மைனி, சத்தமாச் சொல்லுங்க" என்பாள் மேலே இருந்து. "இங்கன கேக்கல."